ஆறரை மணி என்று அச்சடித்தால் ஆறரைக்குத் திரையைத் தூக்குங்கள்

மதுரையிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்குப் போய், ஆசையாக உட்கார்ந்த நாடகத்தின் கடைசிக் காட்சிகளைப் பார்க்காமலே எழுந்து, ரயிலைப் பிடிக்க எழும்பூருக்கு ஓடினோம். வயிறு எரிகிறது.

அழைப்பிதழில் மாலை ஆறரை என்று இருந்தது. ஏழு மணிக்கு மேல்தான் ஒருவர் வந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறாராம். ஒருவழியாக வந்தார். சரி, இனி ஆரம்பித்துவிடுவார்கள் என்று நிமிர்ந்தால் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. ஒவ்வொன்றுக்கும் போட்டோ. இடைவேளையில் அதே பொன்னாடைப் படலம் இன்னொரு முறை. முட்டிவலியோடு அம்மா காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். "நாடகம் எப்பம்மா வரும்?" என்று மகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து தூங்கியே போனாள். முன்வரிசைகளில் 'விருந்தினர்' அட்டை ஒட்டிய நாற்காலிகள் கடைசிவரை காலியாகவே கிடந்தன. காசு கொடுத்த நாங்கள் தூணுக்குப் பின்னால்.

வெளியூர்க்காரர்கள் எப்படி வந்து சேர்கிறோம் என்று நாடகம் நடத்துகிற நீங்கள் யாராவது யோசித்திருக்கிறீர்களா? ரயிலில் 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. நீங்கள் நாடகத்தை அறிவிப்பதோ கடைசி வாரத்தில். அதற்குள் சனி, ஞாயிறு இடமெல்லாம் காத்திருப்புப் பட்டியலுக்குப் போயிருக்கும். முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஏசி தட்கல், பதினொன்றுக்கு ஸ்லீப்பர் தட்கல் என்று போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ். வார இறுதியில் அவர்கள் கேட்பதுதான் கட்டணம். அதற்கு மேல் லாட்ஜ், ஆட்டோ, சாப்பாடு. திரும்பும் ரயில் யாருடைய வாழ்த்துரைக்காகவும் பிளாட்பாரத்தில் நிற்காது.

இதெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குச் சமாதானம் சொல்லாதீர்கள். பெங்களூரு ஜே.பி. நகரில் ரங்க சங்கரா இருக்கிறது. 2004-ல் திறக்கப்பட்ட நாடக அரங்கம். மாலைக் காட்சி ஏழரை என்றால் ஏழரைக்குக் கதவை மூடிவிடுவார்கள். தாமதமாக வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் உள்ளே போக முடியாது. அந்த ஊர் டிராபிக் ஊரறிந்தது. அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை? பார்க்க வந்தவனை விட மேடையேறிப் பேச வந்தவர் இங்கே முக்கியம். வேறு காரணமே இல்லை.

இன்னொன்று என்னை ரொம்பவே வருத்துகிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் சிறுவர்களே நடிக்கும் பாலர் நாடக சபையைத் தொடங்கியது எங்கள் மதுரையில்தான். பின்னாளில் பெயர்பெற்ற நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக வந்து சேர்ந்ததும் அதில்தான். கோயில் திருவிழாக்களில் இன்றும் வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடக்கிறது. ஆனால் புதிதாக எழுதிய ஒரு நாடகத்தை அரங்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் சென்னைக்குத்தான் மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் நடிப்பை நேரில், மூச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில் பார்க்க வேண்டும் என்றுதானே அவ்வளவு தூரம் கூட்டிவருகிறோம்? என் மகள் பார்த்ததெல்லாம் சால்வை. வேடம் போட்டுக்கொண்டு அந்த நடிகர்கள் பக்கத்தட்டிக்குப் பின்னால் வேர்த்து நின்றதைப் பார்க்கவும் சகிக்கவில்லை.

பேச்சையும் பொன்னாடையையும் நாடகம் முடிந்த பிறகு வையுங்கள். இருக்க விரும்புகிறவர்கள் இருந்து கைதட்டட்டும். நாடகம் எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் அழைப்பிதழில் அச்சடியுங்கள், அந்த நேரத்துக்கு முடித்துக் கொடுங்கள். நாங்கள் அதை நம்பித்தான் ரயில் டிக்கெட் எடுக்கிறோம்.