அரெஸ்ட் ஆனாதான் கேஸ் போடலாமா? இல்லைங்க

பேச்சுரிமையைத் தடுக்கற சட்டத்தையோ ஆர்டரையோ எதிர்த்து கேஸ் போடறதைப் பத்தி ஒரு அண்ணன் "போலீஸ் புடிச்சவன்தான் கேஸ் போட முடியும், ஆர்டரை வாபஸ் வாங்கிட்டா கேஸும் காலி"ன்னு எழுதியிருக்காரு, ரெண்டுமே தப்புங்க. 2015 மார்ச் 24ல சுப்ரீம் கோர்ட், இணையத்துல புண்படுத்தற மாதிரி எழுதுனா புடிக்கலாம்னு சொன்ன ஐடி சட்டத்தோட 66ஏ பிரிவை ரத்து பண்ணுச்சே, அந்த மனு போட்ட ஷ்ரேயா சிங்கால் அரெஸ்டே ஆகல, மகாராஷ்டிரா பால்கர்ல ஃபேஸ்புக் போஸ்ட்டுக்காக ரெண்டு பொண்ணுங்களைப் புடிச்சதைப் பாத்து பொதுநல வழக்கா போட்டாங்க.

ஆர்டர் வாபஸ் ஆனா இங்க நெறைய மனு இன்ஃப்ரக்சுவஸ்னு, அதாவது இனி விசாரிக்க ஒண்ணும் மிச்சமில்லன்னு, முடிஞ்சிடும், அது உண்மைதான். ஆனா எப்பவுமே அப்படி இல்ல. அமெரிக்காவுல ஜார்ஜியா காலேஜ் ஒண்ணு மாணவரைப் பேசவிடாம தடுத்துச்சு, கேஸ் போட்டதும் விதியை மாத்திக்கிச்சு, அவர் ஒப்புக்குன்னு சின்னதா ஒரு நஷ்டஈடு கேட்டிருந்ததால கேஸ் உயிரோட இருக்குன்னு 2021ல அங்க சுப்ரீம் கோர்ட் 8க்கு 1ன்னு சொல்லிச்சு.

நம்ம தர்மபுரியில போன மாசம் நாலு ரோட்டுல ஒரு தம்பி கூட்டத்துக்கு அனுமதி மறுத்த ஆர்டரைக் காட்டுனான், மசி மங்குன ஜெராக்ஸு, படிச்சு முடிக்கறதுக்குள்ள கூட்டத் தேதியே தாண்டிருச்சு. தேதி தாண்டிருச்சுன்னு கேஸை முடிச்சிடாம இருக்க, இது மறுபடி மறுபடி வர்ற ஆர்டர்னு பழைய காப்பியெல்லாம் சேத்து வச்சு, அரசு ஆர்டரை எதிர்த்து ஹைகோர்ட்ல போடற ரிட் மனுவுல காட்டணும், தயவுசெஞ்சு கிழிச்சுப் போட்டுடாதீங்க.