மெசினைக் கழற்ற விட்ட ஆள்

ஊரில் ஓ.எல். எழுதிய பொடியன்களுக்கு ஒரு கருத்தரங்கு. பேச வந்தவர் ஜோர்ஜ் ஸ்டீபன்சனைக் கூட்டி வந்தார். 1781இல் பிறந்தவர், 18 வயதுவரை எழுத்து வாசனையே இல்லை, பிறகு காசு கட்டி இரவுப் பள்ளியில் படித்தார், சப்பாத்துத் தைத்தும் மணிக்கூடு திருத்தியும் மிச்சம் பிடித்தார், கடைசியில் ரயில் விட்டார். சிக்கனமும் உழைப்பும் இருந்தால் நீங்களும் ஆகலாமாம். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழும்பவில்லை.

கதை பொய்யில்லை. ஒரு ஆளை விட்டுவிட்டார், அவ்வளவுதான். 1811இல் இங்கிலாந்தின் கிலிங்வேர்த் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் நீராவி எஞ்சின் சரியாக இழுக்கவில்லை. தெரிந்தவர்களெல்லாம் பார்த்துக் கைவிட்டாயிற்று. பிரேக் பிடிக்கிற வேலையிலிருந்த ஸ்டீபன்சன் நான் பார்க்கிறேன் என்றார். மேலாளர் ரால்ஃப் டொட்ஸ் சரியென்று விட்டார். சில நாளில் சுரங்கம் வற்றியது. அடுத்த வருடம் எஞ்சின்களெல்லாம் ஸ்டீபன்சன் பொறுப்பில். டொட்ஸைப் பற்றி எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

மட்டக்களப்புப் படுவான்கரையில் என் மாமா வாட்டர் பம்ப் திருத்துகிறார். படிப்பு எட்டாம் வகுப்பு. 2014இல் மண்முனைப் பாலம் வருமுன் ஒரு கேஸ்கட், அதாவது எஞ்சின் மூட்டு கசியாமல் இடையில் வைக்கிற மட்டை, வாங்குவதென்றாலும் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து டவுனுக்குப் போகவேண்டும். அதனால் மட்டையை எஞ்சின் வாயில் வைத்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் விளிம்பு நெடுக மெதுவாகத் தட்டிக்கொண்டு போவார். மட்டை அளவாக அறுந்து வரும். போல்ட் ஓட்டைக்கு ஒவ்வொரு தட்டு. "அளந்து வெட்டினாப் பிழையாப் போகும் மனே, எஞ்சினே வெட்டித் தரும்" என்பார். சிக்கனமா? வெற்றிலைகூடப் போடமாட்டார். வெல்டிங் மெசின் சீட்டுக் கட்டி வாங்கியது.

ஒருமுறை பம்ப் ஒப்பரேட்டர் வேலைக்குப் போனார். மெசினைத் தொடமுன் கடதாசி கேட்டார்கள். திரும்பி வந்தார். அந்த வேலை கிடைத்த பொடியன் பம்ப் நின்றால் மாமாவுக்குத்தான் கோல் எடுக்கிறான், அது வேறு கதை.

கடதாசிக்கு வழி இல்லாமலும் இல்லை. கையால் கற்றதைச் செய்து காட்டி என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம், வகுப்பில் குந்தத் தேவையில்லை. இதை மாமாவுக்கு நான் சொன்னபோது அவருக்கு 52 வயது. அதுவரை அவரிடம் பம்ப் கொண்டுவந்த உத்தியோகத்தர்கள் எத்தனை பேர்! ஒருவர் வாய் திறந்திருக்கலாமே.

அன்று முன்வரிசையில் இருந்தது அதிபர், உத்தியோகத்தர், முதலாளிமார். பேச்சு அவர்களுக்குத்தான் போயிருக்கவேண்டும். பொடியன்களுக்கு உழைக்கத் தெரியும், வயல்காரப் பிள்ளைகள்.

இன்னொன்று. ஸ்டீபன்சனின் மிச்சக் காசு மகன் ரொபட்டின் படிப்புக்குப் போனது. மகன் நியூகாசிலில் படித்ததை வீட்டில் தகப்பனும் சேர்ந்து படித்தார். 1829இல் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் வென்ற 'ரொக்கெட்' பெரும்பாலும் அந்த மகனின் கைவேலை.

மாமாவின் மகள் ஏ.எல்.லில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கிறாள். தகப்பனின் என்.வி.கியூ. விண்ணப்பத்தை அவள்தான் நிரப்பினாள். கல்வித் தகைமை என்ற இடத்தில் பேனை நின்றது.

"எட்டு எண்டு எழுது மகள்" என்றார் மாமா, கார்பரேட்டரைக் கழுவிக்கொண்டே.