பட்டியலை விடுங்கள், அந்த ரயில் பெட்டியைப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போரில் யூதத் தொழிலாளர்களைப் பெயர்ப் பட்டியல் போட்டு நாஜிகளின் சாவிலிருந்து காத்தவர் என்று புகழப்படும் ஆலை முதலாளி ஓஸ்கர் ஷிண்ட்லரைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஒருவர் வந்துவிடுவார்: "அவர் நாஜிக் கட்சிக்காரர், ஜெர்மன் உளவாளி, கூலி மலிவு என்று யூதர்களை வேலைக்கு வைத்தவர். இதில் என்ன பெரிய மனிதாபிமானம்?"

சொல்வதில் பொய் இல்லை. 1939இல் ஜெர்மன் படையை ஒட்டியே போலந்தின் கிராகோவுக்குப் போனவர் அவர். யூதர்களுக்குச் சொந்தமாக இருந்து நொடித்துக் கிடந்த எனாமல் பாத்திர ஆலை ஒன்றை எடுத்துக்கொண்டார். யூதத் தொழிலாளியின் கூலி ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் கஜானாவுக்குப் போனது, உழைத்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது. குடி, பெண்கள், கள்ளச்சந்தை எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த நண்பர்கள் கணக்குப் புத்தகத்தைப் பாதியிலேயே மூடிவிடுகிறார்கள்.

பட்டியலைக் காட்டி நான் வாதாட மாட்டேன். 1944இல் ஆலையை மொராவியாவின் ப்ரூன்லிட்ஸுக்கு மாற்றியபோது, யார் யார் போவது என்பதில் தொழிலாளர்கள் அடைபட்டிருந்த நாஜி முகாமின் யூதக் காவலர் மார்செல் கோல்ட்பெர்க்கின் கை ஓங்கியிருந்தது. அவர் லஞ்சம் வாங்கிப் பெயர் சேர்த்தார் என்று உயிர் பிழைத்தவர்களே குற்றம் சாட்டியிருக்கிறார்கள். பிழைத்த ஏறத்தாழ 1,200 பேரும் ஆலைக்கு வேண்டிய ஆட்கள்தானே என்று கேட்டாலும் பதில் சொல்வது கடினம்.

1945 ஜனவரிக் கடைசியில் ப்ரூன்லிட்ஸில் வந்து நின்ற ரயில் பெட்டிகளுக்கு மட்டும் இவர்கள் பதில் சொல்லட்டும். நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸின் கிளை முகாம் கோலெஷூவிலிருந்து கிளப்பப்பட்டு, சோறு தண்ணீர் இல்லாமல் நாள்கணக்கில் உறைபனியில் அலைந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள். கதவுகள் பனியில் இறுகிப்போயிருந்தன. உடைத்துத் திறந்தபோது உள்ளே சிலர் பிணமாகக் கிடந்தனர். மற்றவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். இவர்களில் ஒருவர் பெயரும் ஷிண்ட்லரின் பட்டியலில் இல்லை. ஒரு லேத்தைத் தொடக்கூடத் தெம்பு இல்லை. இவர்களால் வரும் லாபம் என்ன?

இறந்தவர்களை எரித்துவிடலாம் என்றார் ஆலை முகாமின் நாஜித் தளபதி. ஷிண்ட்லர் மறுத்தார். கத்தோலிக்க இடுகாட்டுக்கு அருகே காசு கொடுத்து நிலம் வாங்கி, யூத முறைப்படி புதைக்க ஏற்பாடு செய்தார். இதைச் செய்தவரின் ஆயுத ஆலை, அங்கே எட்டு மாதத்தில் உருப்படியாக அனுப்பிய குண்டுகள் ஒரே ஒரு வேகன். (போருக்குப் பிறகு அர்ஜென்டினாவில் ரோமத்துக்காக வளர்க்கும் நூட்ரியா என்ற பெருச்சாளி போன்ற விலங்குக்குப் பண்ணை வைத்தார், அதுவும் நஷ்டம். சாமர்த்தியசாலி முதலாளி என்பவர்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.)

உயிரோடு இருந்தவர்களின் பொறுப்பு அவர் மனைவி எமிலியிடம் வந்தது. ஷிண்ட்லர் புகழில் எப்போதும் ஓரமாக நிற்க வைக்கப்படும் பெண்மணி. காய்ந்த குடலுக்குத் திடீரென்று சோறு போட்டால் செத்துப்போவார்கள் என்று தெரிந்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கஞ்சி ஊட்டினார். பக்கத்து மாவு ஆலைக்காரர் வீட்டு அம்மாவிடம் போய் அவர் கேட்டு வாங்கிவந்த தானியம்தான் அந்த முகாமின் அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.