முதல் பல்பும் இரண்டாவது பல்பும்

"ஸ்மார்ட் போர்டு வந்துடுச்சு, இனிமே உங்களுக்கு வேலை குறைச்சல்தானே டீச்சர்?" என்று பஸ்ஸில் பார்க்கிறவர்கள்கூடக் கேட்கிறார்கள். வீடியோவைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டால் குறைச்சல்தான். நாற்பது நிமிடம் வகுப்பில் சத்தமே இருக்காது. முடிந்ததும் என்ன புரிந்தது என்று கேளுங்கள், வீடியோவில் வந்த சாரின் மீசையைப் பற்றிச் சொல்வார்கள்.

வசதிகளைக் குறை சொல்லவில்லை. 2018இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு போட்டார்கள். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, கொரோனா நேரத்தில் பல பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம். ஆனால் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய வீட்டில் இருப்பது ஒரே போன். அது காலை ஏழு மணிக்கே அப்பாவோடு வேலைக்குக் கிளம்பிவிடும்.

சரி, மின்சுற்றுக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பு. தொடர் இணைப்பில், அதாவது ஒரே ஒயர் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு பல்பு மாட்டினால் எது அதிகமாக எரியும் என்று கேட்டேன். "முதல் பல்புதான். கரண்ட் அங்கதானே முதல்ல போகுது, மிச்சம்தான் அடுத்ததுக்கு" என்றான் ஒருவன். பாதி வகுப்பு அவன் பக்கம். தவறு என்று சொல்லாமல் இரண்டு டார்ச் பல்பு, பேட்டரி, ஒயர் எல்லாவற்றையும் அவன் கையிலேயே கொடுத்தேன். மாட்டினான். அவன் சொன்ன மாதிரியே முதல் பல்பு பளிச்சென்று எரிந்தது, அடுத்தது மங்கல்! வகுப்பே கைதட்டியது. நான் முழித்தேன்.

கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்திதான் "ரெண்டையும் இடம் மாத்திப் பாரு" என்றாள். மாற்றினான். பளிச்சென்று எரிந்த அதே பல்பு இப்போது இரண்டாவது இடத்திலும் பளிச்சென்றே எரிந்தது. கோளாறு இடத்தில் இல்லை, பல்பில். இரண்டும் ஒரே கடையில் வாங்கியவைதான், ஆனால் மின்தடை, அதாவது கரண்ட் ஓட்டத்தைத் தடுக்கும் அளவு, வேறு.

இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற, அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் இலவசத் தளம் இருக்கிறது. தொடங்கியவர் கார்ல் வீமன், முந்தைய ஆண்டு இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். அதிலிருக்கும் செயலிகளில் பல தமிழிலும் உண்டு. முன்கூட்டியே இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொண்டால் நெட் தேவையில்லை, எங்கள் ஊர் சிக்னலுக்கு அதுவே பெரிய உபகாரம். அதில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு பல்பு கிடைக்கும், கடையில் கிடைக்காது. மாட்டினோம். இரண்டும் ஒரே வெளிச்சம். நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் ஓடுவதும் தெரிகிறது. பல்புக்கு முன்னால் என்ன வேகமோ, தாண்டிய பிறகும் அதே வேகம். "மிச்சம்" என்று சொன்னவன் திரையருகே போய் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பல்பே இல்லாமல் பேட்டரியின் இரு முனையையும் ஒயரால் இணைத்துத் திரையில் தீப்பிடிக்க வைத்ததுதான் அன்றைக்கு எல்லோருக்கும் பிடித்த பாடம். அதை நிஜத்தில் செய்ய விடமாட்டேன்.

முதலில் இதைத் திரையில் காட்டியிருந்தால் "சரி டீச்சர்" என்று தலையாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். தப்பாக ஊகிக்க நேரம் கொடுத்த பிறகு திறந்தால்தான் அதற்கு வேலையே இருக்கிறது. ஒரு பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னேன். "ஒரு பாடத்துக்கு இவ்வளவு நேரமா?" என்றார்கள். ஆமாம், இரண்டு பீரியடு போனது. போட்டோ எடுத்துப் போடவும் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை வருகைப்பதிவு எடுக்கும் முன்பே அந்தப் பையன் மேசையருகே வந்து நின்றான்.

"டீச்சர், எங்க வீட்ல மிக்ஸி போட்டா பல்பு மங்குது. அது ஏன்?"