காதுக்குத் தெரியாத எழுத்து

திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும்போது, அதைப் புள்ளி எழுத்தாக விரலுக்குத் தரும் பிரெய்ல் கருவி எதற்கு என்று உங்கள் கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். மதுரை செல்லூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்குப் பார்வை கிடையாது. நாள் முழுக்க, திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ-வைத்தான் கேட்கிறார். நல்ல மென்பொருள், அதுவும் இலவசம். ஆனால் ‘பல்லி’யா ‘பள்ளி’யா என்பது அந்த இயந்திரக் குரலில் சட்டென்று பிடிபடாது. (வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்கிற மதுரைக்காரருக்குக் கேட்கவே வேண்டாம்!) விரலுக்குத் தெரிந்துவிடும்: பிரெய்லில் ‘ல’ இடப்பக்க மூன்று புள்ளி, ‘ள’ வலப்பக்க மூன்று புள்ளி.

சரி, விலை? கருவியில் புள்ளிகள் எழும் கட்டம் 40, கட்டத்துக்கு 8 புள்ளி என்றால், புள்ளிக்கு ஒன்றாக 320 ஊசிகள். பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொன்றையும் தூக்கத் தனித்தனி பீசோ பட்டை (மின்சாரம் கொடுத்தால் வளைவது); விலை ஏறுவது அதனால்தான். விலையைக் குறைக்க வடிவமைப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது இங்கேதான். சித்தப்பா ஒருமுறை அப்படி ஒரு கருவியை ஆசையாகத் தடவிப் பார்த்தார். விலையைச் சொன்னதும் கையை எடுத்துவிட்டார்.