புரோபயாடிக் ஆன்டிபயாடிக்குக்கு மாற்று இல்லை

"மாட்டின் கர்ப்பப்பைப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம், புரோபயாடிக் (நன்மை செய்யும் பாக்டீரியா) போதும்" என்று நீங்கள் எழுதியிருப்பது ஆளைக் கவிழ்க்கும் பாதி உண்மை. கன்று ஈனும் சமயத்தை ஒட்டி லாக்டிக் அமில பாக்டீரியா என்ற புரோபயாடிக்கைப் பிறப்புறுப்பு வழியாகச் செலுத்திப் பார்த்த சில ஆய்வுகளில் கர்ப்பப்பை அழற்சி, அதாவது இந்தப் புண், குறைவாக வந்தது நிஜம். ஆனால் அது வராமல் தடுக்கத்தான். வந்த நோயைத் தீர்த்ததாக அர்த்தமில்லை. தீவனத்தில் கலக்கும் ஈஸ்ட் பொடியையும் இதையும் போட்டுக் குழப்பாதீர்கள், அது வயிற்றுக்கு.

ஈன்ற பத்து நாளுக்குள் செம்பழுப்பு நீர் குடலைப் புரட்டும் நாற்றத்தோடு வடிந்து, காய்ச்சல் 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மாடு தீவனத்தைத் தொடாமல் நின்றால் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரத்தத்தில் நச்சு ஏறினால் மாடே போய்விடும். மற்றபடி, காய்ச்சலே இல்லாமல் சளியில் லேசாக வெண்துளி தெரிந்ததற்கெல்லாம் ஆன்டிபயாடிக் ஊசி போடுவது வீண் என்பதில் நானும் உங்கள் கட்சிதான்.