அலைச்சறுக்கு உடையின் சாயத் தண்ணீர் எங்கே போகிறது?

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, விடுமுறை கிடைத்தால் கோவளத்துக்குப் போய் அலையில் பழகிவிட்டு வருவது என் அக்கா மகளின் வழக்கமாகிவிட்டது. சேலத்துப் பிள்ளைகள் கடலைத் தேடிப் போவது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. சென்ற மாதம் அவள் நான்கைந்து நிறுவனங்களின் உடைகளைக் கைப்பேசியில் அனுப்பி, "மாமா, இதில் சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாதது எது என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று கேட்டாள். நான் துணிக்குச் சாயமேற்றும் தொழிலில் இருப்பவன் என்பதால் கேட்டிருக்கிறாள். அவளுக்குச் சொன்னதை இன்னும் விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கு மட்டுமான செய்தி அன்று.

அவள் அனுப்பிய எல்லா விளம்பரங்களிலும் தூக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது ஒரே செய்திதான்: இந்த ராஷ் கார்டு, அதாவது அலையில் உடம்போடு ஒட்டி அணிகிற மேற்சட்டை, இத்தனை பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து செய்யப்பட்டது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. பாட்டிலைக் கழுவி, செதில்களாக நறுக்கி, உருக்கி நூலாக இழுப்பது நன்றாகவே நடக்கிற தொழில். புதிதாகப் பெட்ரோலியத்திலிருந்து பாலியஸ்டர் செய்வதைவிட அதில் ஆற்றல் செலவு குறைவு என்பதும் உண்மை. ஆனால் பாட்டில் மீண்டும் பாட்டிலாகலாம்; இழுத்தால் நீளுகிற லைக்ரா இழை கலந்த துணியாகிவிட்டால், அதைப் பிரித்து மறுபடி நூலாக்குவது இன்றைக்கும் பெரும்பாடு. 'குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு' என்ற சான்றின் முத்திரையை உடையில் போட்டுக்கொள்ள, அதில் பாதியளவு மறுசுழற்சிப் பொருள் இருந்தால் போதும் என்பதையும் வாங்குபவர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இவை இருக்கட்டும். என்னை உறுத்தியது வேறொன்று. நூல் எதிலிருந்து வந்தது என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிற அந்த நிறுவனங்களில் ஒன்றுகூட, அந்தக் கருநீலமும் பவள நிறமும் எந்த ஊர்த் தண்ணீரில் ஏற்றப்பட்டன, அந்தத் தண்ணீர் பிறகு எங்கே விடப்பட்டது என்று ஒரு வரி எழுதவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி தானாக வரும். சேர்வராயன் மலையில் பிறக்கிற திருமணிமுத்தாறு, நம் நகரத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது. அன்றைக்கு எந்த நிறத்துக்குச் சாயம் போட்டார்கள் என்பதை ஆற்றுப் பாலத்தில் நின்றே சொல்லிவிடக்கூடிய காலத்தை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆற்றோரத்துக் கிணறுகள் கெட்டன, வயல்களில் நெல் வருவது நின்றது, மாடு வாய் வைக்காத தண்ணீரை மனிதர்கள் புழங்கினார்கள். கடலைக் காப்பாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் ஒரு துணி, கடலுக்குப் போகிற ஆற்றைக் கெடுத்துவிட்டு வந்திருக்குமானால், அதன் மேல் ஒட்டியிருக்கிற பச்சை இலைப் படத்துக்கு என்ன பொருள்?

பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்றுவது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்குரிய டிஸ்பர்ஸ் சாயம் கொதிநீரில்கூட ஒழுங்காக ஏறாது. மூடிய எந்திரத்தில் அழுத்தம் கொடுத்து 130 டிகிரி வரை சூடாக்க வேண்டும். ஏறி முடிந்த பிறகு, மேலே ஒட்டி நிற்கிற மிச்சச் சாயத்தைக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனமும் போட்டுக் கழுவி எடுக்க வேண்டும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களில் இந்தக் கழுவலைச் சரியாகச் செய்யாவிட்டால், நனைந்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கும்போது நிறம் ஒட்டும். அந்தக் கழுவல் தண்ணீர்தான் முழுப் பிரச்சினையும். அலைச்சறுக்கு உடைகளில் விற்பவை பெரும்பாலும் அடர் நிறங்களே என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இதற்கு மாற்று வழி இருக்கிறது, அது புதியதும் அன்று. நூலாக இழுப்பதற்கு முன்பே உருகிய பாலியஸ்டரில் நிறத்தைக் கலந்துவிடலாம். டோப் டையிங் என்பார்கள். சாயத் தொட்டி கிடையாது, கழுவல் கிடையாது, வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் நிறம் லேசில் வெளுக்காது. கடலில் போடுகிற துணிக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரிந்து இல்லை. சிக்கல் என்னவென்றால், ஒரு நிறத்துக்கு நூலை மொத்தமாக, டன் கணக்கில் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். பருவத்துக்குப் பத்து நிறம் காட்ட வேண்டும் என்று நினைக்கிற நிறுவனத்துக்கு அது ஒத்துவராது. எனவே நிறம் குறைவாக, ஆண்டுதோறும் அதே நிறங்களில் வருகிற உடையை நான் நம்புவேன். புதுப் புது நிறமாகக் கொண்டுவந்து இறக்குகிற நிறுவனத்தின் பசுமைப் பேச்சை நம்ப எனக்குத் தயக்கம் உண்டு.

உடனே நம் ஊரில் ஒரு பதில் வரும்: பருத்தி போட்டுக்கொள்ளட்டும் என்பார்கள். பருத்தியின் மேல் எனக்குள்ள மதிப்பு சிறியதில்லை, எங்கள் வீட்டில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். ஆனால் நனைந்த பருத்தி கனக்கும், சீக்கிரம் காயாது, நனைந்துவிட்டால் வெயிலைத் தடுக்கும் ஆற்றலும் குறையும். அலையில் அடிபடும்போது உடம்போடு நிற்காது. தவிரவும், பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், அடர் நிறமென்றால் 80 கிராம்வரைகூட உப்பு போடுகிறோம். அந்த உப்பில் பெரும்பகுதி துணியில் தங்காமல் கழிவுநீரிலேயே போகிறது. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் இந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பருத்தி என்பதாலேயே ஒன்று தூய்மையானதாகிவிடாது என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்களே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கரைக்கு வந்த பிறகு துவட்டிக்கொள்ள மட்டும், விலை உயர்ந்த மைக்ரோஃபைபர் துவாலையை விட்டுவிட்டுச் சாயம் போடாத ஈரிழைத் துண்டை எடுத்துப் போகச் சொன்னேன். பருத்தியானாலும் மெல்லிய நெசவு என்பதால் சீக்கிரம் காயும், பைக்குள் இடமும் அடைக்காது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையின்படி, உயிரியல் முறையில் சுத்திகரித்து, ஆர்.ஓ. வழியாக நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சுகிற உவர்நீரைக் கொதிக்க வைத்து உப்பை எடுத்து, அந்த உப்பையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்துகிற அமைப்புகள் அங்கே நடைமுறைக்கு வந்தன. மின்சாரமும் விறகும் தின்கிற வேலை அது. பிரிக்க முடியாத கலவை உப்பும் சேறும் இன்னும் தலைவலியாகவே இருக்கின்றன. இருந்தாலும், சாயத் தண்ணீரை முழுவதும் தன் கணக்கில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அந்தச் செலவு கிலோ துணியின் விலையில் ஏறுகிறது. வெளிநாட்டுக் கொள்முதல்காரர் அந்த விலையைப் பார்த்துவிட்டு, அப்படி எந்தக் கட்டாயமும் இல்லாத ஊருக்கு ஆர்டரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சட்டையில் மட்டும் 'கடலின் நண்பன்' என்று அச்சிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சான்று முத்திரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'ஓயகோ-டெக்ஸ் 100' என்பது, முடிந்த துணியில் அணிபவரின் உடலுக்குத் தீங்கான பொருள் இருக்கிறதா என்று சோதிப்பது. சாயப்பட்டறையின் கழிவுநீரைப் பற்றி அது பேசாது. 'புளூசைன்' போன்றவை எந்த ரசாயனம் உள்ளே போகிறது, ஆலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கின்றன. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாறக் கூடாது. அலைச்சறுக்குக்கு அணிகிற அரைக்கால்சட்டையான போர்டு ஷார்ட்ஸ் வாங்கும்போது, தண்ணீர் ஒட்டாமல் உருள்கிற பூச்சு எதனால் ஆனது என்றும் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட பூச்சுகளில் சேர்க்கப்பட்டுவந்த, அழியாமல் தண்ணீரிலும் உடலிலும் தங்கிவிடுகிற ஃபுளோரின் சேர்மங்களைத் துணியில் வேண்டுமென்றே சேர்ப்பதைக் கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது.

வெட்சூட் விஷயத்தில் என் கருத்து சுருக்கமானது: தமிழ்நாட்டுக் கடலுக்கு அது வேண்டாம். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 26 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கிற தண்ணீரில், குளிர்நாட்டுக்காரர்களுக்காகச் செய்த ரப்பர் உடை எதற்கு? வெட்சூட்டுக்கான நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரைச் செய்யத் தேவையான குளோரோபிரீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-இல் வகைப்படுத்தியது. லூசியானா மாநிலத்தின் லாப்ளேஸில் நியோப்ரீன் செய்த ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் அதற்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். மேட்டூரில் ரசாயன ஆலைகளை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு அந்தப் போராட்டத்தை விளக்க வேண்டியதில்லை. 'சுண்ணாம்புக்கல் நியோப்ரீன்' என்று இன்னொன்றை இயற்கையானது போல விற்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லை வெட்டி, கரியோடு சேர்த்து, மின் உலையில் 2,000 டிகிரி அளவுக்குக் காய்ச்சிக் கார்பைடாக்கி, அதிலிருந்து அசிட்டிலீன் எடுத்து, கடைசியில் அதே குளோரோபிரீனைத்தான் செய்கிறார்கள். சங்ககிரிச் சுண்ணாம்புக்கல் குவாரிகளையும், வெள்ளைக்கல் வெட்டிக் குடைந்த நம் மாக்னசைட் குன்றுகளையும் பார்த்தவர்கள் கல்லிலிருந்து வந்தது என்பதற்காக எதையும் இயற்கையானது என்று சொல்ல மாட்டார்கள். குளிர்கடலுக்குப் போய்த்தான் ஆக வேண்டியவர்களுக்கு, 2016 முதல் படகோனியா நிறுவனம் விற்கிற யூலெக்ஸ் இயற்கை ரப்பர் உடை மேலானது. அதில் 85 விழுக்காடு மரத்து ரப்பர்.

பலகையைப் பற்றி நான் அதிகம் பேசத் தகுதியுள்ளவன் அல்லன். பாலியூரித்தேன் நுரையும் கண்ணாடி இழையும் பாலியஸ்டர் ரெசினும் சேர்ந்ததுதான் வழக்கமான பலகை. ஃபைபர் கதவு செய்கிற பட்டறை வாசலில் மூக்கில் ஏறுகிற அதே ஸ்டைரீன் நெடி, பலகை செய்பவரின் நுரையீரலுக்கும் போகிறது. தாவர எண்ணெய் கலந்த எப்பாக்சி ரெசின் இப்போது கிடைக்கிறது. ஆனால் பழகுகிற பிள்ளைக்குப் புதுப் பலகையே தேவையில்லை. பழைய பலகையில் விழுந்த ஓட்டையைத் தண்ணீர் உள்ளே இறங்கும் முன் அடைக்கக் கற்றுக்கொண்டால் அது நெடுநாள் உழைக்கும்.

துவைப்பதிலும் கவனம் வேண்டும். பிளைமவுத் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 6 கிலோ செயற்கை இழைத் துணியை எந்திரத்தில் ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைத் துணுக்குகள் உதிரக்கூடும் என்று கண்டார்கள். பாட்டிலிலிருந்து வந்த நூலும் இதற்கு விலக்கில்லை. அவளுடைய பழைய ராஷ் கார்டை வாங்கி உள்புறம் திருப்பிப் பார்த்தேன். தோள் தையலோரத்தில் லைக்ரா அறுந்து, வெள்ளை மயிரிழைகளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது; துணியை இழுத்தால் திரும்பிச் சுருங்கவில்லை. உப்போடு வெயிலில் காயப் போட்டு, பிறகு சூடான தண்ணீரில் எந்திரத்தில் சுழற்றியதன் விளைவு அது. கடலிலிருந்து வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தியிருந்தால், இன்னும் பல பருவங்கள் வந்திருக்கும்.

அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: ஒரே ஒரு முழுக்கை ராஷ் கார்டு, டோப் டை நூலில், இரட்டைத் தையலோடு இருப்பதாகப் பார்த்து வாங்கு, முழுக்கை இருந்தால் வெயிலுக்குப் பூசுகிற களிம்பும் குறைவாகப் போதும். பூசுகிற இடத்துக்குத் துத்தநாகக் களிம்பு பூசிக்கொள், ஹவாயில் 2021 முதல் விற்பனை தடை செய்யப்பட்ட ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய இரண்டில் எது கலந்திருந்தாலும் வாங்காதே. வாங்குவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதி, சாயம் எந்த ஊரில் போட்டீர்கள், கழிவுநீரை என்ன செய்தீர்கள் என்று கேள். கேட்டிருக்கிறாள். பாட்டில் எண்ணிக்கையை மட்டும் சொல்லி இரண்டு பதில்கள் வந்திருக்கின்றன. சாயத்தைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திருப்பூரிலும் ஈரோட்டிலும் நம் சேலத்திலும் பின்னலாடை, விளையாட்டு உடை செய்து ஏற்றுமதி செய்கிற நண்பர்கள் இதைப் படித்தால், உங்கள் உடையின் உள்பட்டையில் நூலின் பெயருக்குக் கீழே சாயமேற்றிய முறையையும் ஊரையும் அச்சிட்டுக் கொடுங்கள். அப்படி ஓர் உடை வந்தால் எங்கள் வீட்டிலிருந்தே முதல் ஆர்டர் வரும்.